நோயெதிர்ப்பு உயிரணுக்களின் மேற்பரப்புப் புரதங்களும் அவற்றின் போக்குவரத்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒளிர்சாயம் பூட்டிய ஆன்டிபாடி ஒட்டிய உயிரணுக்களை ஒவ்வொன்றாக லேசரில் அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி கருவியில் ஒரு மாதிரியை ஓட்டிவிட்டு, “இந்த உயிரணுவில் இந்தப் புரதம் இல்லை” என்று எழுதிவிடுவது எளிது. பல நேரங்களில் புரதம் உள்ளே இருக்கும். ஆன்டிபாடி சேர்த்த நேரத்தில் மேற்பரப்பில் இருந்திருக்காது. அந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளவும் அளந்து காட்டவும் உதவுவதே இப்பக்கம். பல்கலைக்கழக, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களையும், சிங்கப்பூரின் ஒன்-நார்த், கெண்ட் ரிட்ஜ், ஊட்ரம் வட்டாரங்களின் ஆய்வகங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் மனத்தில் வைத்து எழுதியுள்ளோம்.

மேற்பரப்புப் புரதம் சவ்வில் நிலையாகத் தங்கியிருக்கிறதா?

இல்லை. தூண்டப்படாத டி உயிரணுவில்கூட டி உயிரணு ஏற்பிகள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு வீதம் உள்ளே இழுக்கப்படுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை மீண்டும் மேலே வந்துவிடுகின்றன. இந்தக் கணக்கில், ஒரு மணி நேரத்துக்குள் ஏறத்தாழப் பாதி ஏற்பிகள் ஒருமுறையாவது உள்ளே போயிருக்கும். ஆனாலும் மேற்பரப்பில் உள்ள மொத்த எண்ணிக்கை மாறாமல் தெரியும், ஏனென்றால் திரும்பி வரும் வேகமும் உள்ளே போகும் வேகமும் சமம்.

ஆகவே நீங்கள் அளக்கும் எண்ணை ஐந்து வேகங்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன: புதிதாக உருவாகி மேலே வருவது, உள்ளே இழுக்கப்படுவது, மறுசுழற்சியில் திரும்புவது, உயிரணுவின் சிதைவுப் பையான லைசோசோமில் சிதைவது, நொதி வெட்டி உதிர்வது. இவற்றில் எது மாறியது என்று மேற்பரப்புச் சாயமேற்றல் ஒன்றை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

ஒரு புரதம் எந்த வழியாக மேலே வருகிறது?

பெரும்பாலான மேற்பரப்புப் புரதங்கள் ரைபோசோமில் உருவாகும்போதே எண்டோபிளாச வலைக்குள் செருகப்படுகின்றன. அங்கே மடிந்து, துணைப் புரதங்களோடு சேர்ந்து, பிறகு நுண்குமிழ்களில் ஏறிக் கோல்கைக்குப் போகின்றன. அங்கே சர்க்கரைச் சங்கிலிகள் திருத்தப்பட்டு மேற்பரப்புக்கு அனுப்பப்படுகின்றன. இந்த நுண்குமிழ்ப் போக்குவரத்தின் இயக்கத்தைக் கண்டறிந்ததற்காகவே ராத்மன், ஷெக்மன், சூடாஃப் மூவருக்கும் 2013இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

நோயெதிர்ப்பு ஆய்வில் முதலில் நினைவில் கொள்ள வேண்டியது, எண்டோபிளாச வலையில் நடக்கும் தரச்சோதனை. டி உயிரணு ஏற்பியின் ஆல்ஃபா, பீட்டா சங்கிலிகள் சிடி3 (‘சிடி’ எண்கள் மேற்பரப்புப் புரதங்களுக்கு இடப்பட்ட பெயர்கள்) சங்கிலிகளோடு முழுமையாகச் சேராவிட்டால் மேலே வர விடப்படுவதில்லை. ஆல்ஃபா சங்கிலியின் மரபணுவை வெட்டினாலே சிடி3 மேற்பரப்பிலிருந்து மறைவது இதனால்தான். புரதத் துண்டுகளை டி உயிரணுக்களுக்குக் காட்டும் எச்எல்ஏ முதல் வகுப்பு மூலக்கூறுகளுக்கு பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் வேண்டும். உயிரணு ஒட்டிக்கொள்ள உதவும், சிடி11பி போன்ற ஆல்ஃபா இன்டெக்ரின்களுக்கு சிடி18 துணை வேண்டும். ஒரு மரபணுவைத் திருத்திய பிறகு வேறொரு புரதம் காணாமல் போனால், அவை இரண்டும் ஒரே தொகுதியைச் சேர்ந்தவையா என்பதை முதலில் பாருங்கள்.

உள்ளே இழுக்கப்படுவதை எது தீர்மானிக்கிறது?

புரதத்தின் வால் பகுதி, அதாவது சைட்டோபிளாசத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி. அதில் டைரோசினை அடிப்படையாகக் கொண்ட குறுந்தொடரோ, இரண்டு லூசின் அடுத்தடுத்து வரும் தொடரோ இருந்தால் ஏபி-2 என்ற இணைப்புப் புரதம் அதைப் பிடித்து, கிளாத்ரின் பூசிய குழியில் சேர்க்கும். டைனமின் அந்தக் குழியின் கழுத்தை அறுத்துவிடும். பிறகு ராப்5 என்ற வழிகாட்டிப் புரதம் உள்ள முன்னிலை என்டோசோமில் (உள்ளே வந்தவற்றைப் பிரித்தனுப்பும் பை) பாதை பிரிகிறது. ராப்4, ராப்11 வழியே போனால் மேற்பரப்புக்குத் திரும்பும்; யுபிக்விட்டின் என்ற சிறு புரத முத்திரை விழுந்திருந்தால் எஸ்கார்ட் புரதங்கள் அதை உட்குமிழ்களுக்குள் தள்ளி, ராப்7 வழியாக லைசோசோமுக்கு அனுப்பும்.

இந்த முத்திரையின் அளவை மாற்றியே டென்ட்ரிட்டிக் உயிரணுக்கள் (டி உயிரணுக்களைத் தூண்டுபவை) தம்மை முதிர்ச்சிக்குத் தயாராக்குகின்றன. முதிராத நிலையில் மார்ச்1 என்ற நொதி எச்எல்ஏ இரண்டாம் வகுப்பு மூலக்கூறுகளிலும் சிடி86இலும் யுபிக்விட்டினை ஒட்டுவதால் அவை விரைவாகச் சிதைகின்றன. நுண்ணுயிர்த் தூண்டல் கிடைத்ததும் மார்ச்1 குறைகிறது. இரண்டும் மேற்பரப்பில் குவிகின்றன. மேற்பரப்பு உயர்வை வைத்து மரபணு வெளிப்பாடு கூடியது என்று முடிவு கட்டுவது இங்கே பாதி உண்மையாகவே இருக்கும்.

சிடிஎல்ஏ-4 மேற்பரப்பில் ஏன் மிகக் குறைவாகத் தெரிகிறது?

சிடிஎல்ஏ-4 டி உயிரணுத் தூண்டலைக் கட்டுப்படுத்தும் தடுப்பு ஏற்பி. உயிரணுவில் உள்ள சிடிஎல்ஏ-4இல் ஏறத்தாழ 90 விழுக்காடு எந்நேரமும் உள்ளேதான் இருக்கிறது. டைரோசின்-வேலின்-லைசின்-மெத்தியோனின் என்ற அதன் வால் தொடரை ஏபி-2 விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதால், மேலே வந்த சில நிமிடங்களிலேயே அது திரும்பிப் போய்விடுகிறது. இது வீண் வேலையும் இல்லை. உள்ளே போகும்போது எதிரே உள்ள உயிரணுவின் சிடி80, சிடி86 என்ற தூண்டல் மூலக்கூறுகளைப் பிடுங்கிக்கொண்டு போய்ச் சிதைக்கிறது என்பது 2011இல் காட்டப்பட்டது. ஒழுங்குபடுத்தும் டி உயிரணுக்கள் பிற டி உயிரணுக்களின் தூண்டலைக் குறைக்கும் வழிகளில் இது முக்கியமானது.

அளக்கும்போது மூன்று வகை எண்களைப் பிரித்து வையுங்கள். ஐஸில் சாயமேற்றினால் அந்த நேரத்து மேற்பரப்பு. ஒளிர்சாயம் பூட்டிய ஆன்டிபாடியை 37 டிகிரி செல்சியஸில் 1 முதல் 2 மணி நேரம் உயிருள்ள உயிரணுக்களோடு விட்டால், சுழற்சியில் மேலே வந்து போன அத்தனையும். உயிரணுவை வேதிப்பொருளால் நிலைப்படுத்தி (ஃபிக்சேஷன்), சவ்வைத் துளைத்துச் சாயமேற்றினால் மொத்தம். மூன்றும் ஒரே கொடையாளரிடமிருந்து, ஒரே நாளில், ஒரே ஆன்டிபாடிக் குளோனோடு எடுக்கப்பட வேண்டும்.

மருத்துவத்தில் இதற்கு நேரடிப் பயன் உண்டு. எல்ஆர்பிஏ என்ற புரதம் சிடிஎல்ஏ-4ஐ லைசோசோமுக்குப் போகாமல் மீட்டு மறுசுழற்சிக்கு அனுப்புகிறது. பிறவியிலேயே எல்ஆர்பிஏ இல்லாத பிள்ளைகளுக்கு சிடிஎல்ஏ-4 மரபணு நன்றாக இருந்தும் புரதம் சிதைந்துபோகிறது; தன்னெதிர்ப்பு நோய்கள் தீவிரமாகின்றன. சிடிஎல்ஏ-4இன் வெளிப்பகுதியைக் கொண்ட அபடாசெப்ட் மருந்து அவர்களுக்குப் பலன் தருகிறது. லைசோசோமைத் தடுக்கும் குளோரோகுவின் சேர்த்தால் அவர்களின் உயிரணுக்களில் சிடிஎல்ஏ-4 மீண்டும் கூடுவதும் 2015இல் வெளியானது. சிதைவுதான் காரணம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

டி உயிரணுக்களைத் தூண்டிய பிறகு சிடி3 மங்கிவிடுகிறது. உயிரணுக்கள் செத்துவிட்டனவா?

பெரும்பாலும் இல்லை. தூண்டப்பட்ட ஏற்பி உள்ளே இழுக்கப்பட்டு, மறுசுழற்சிக்குப் பதில் சிதைவுக்கு அனுப்பப்படுகிறது; சிடி3யும் கூடவே போகிறது. டி உயிரணுக்களைத் தூண்டும் வேதிப்பொருளான பிஎம்ஏ சேர்த்தால் சிடி4உம் உள்ளே போய்விடும். அதனால் பிஎம்ஏ, அயனோமைசின் தூண்டலுக்குப் பிறகு சிடி3 நேர்மறை, சிடி4 நேர்மறை என்று இறுக்கமாக எல்லை வரைந்தால், நன்றாகத் தூண்டப்பட்ட உயிரணுக்களையே வெளியே தள்ளிவிடுவீர்கள். சிடி3, சிடி4, சிடி8 மூன்றையும் சவ்வைத் துளைத்த பிறகு சாயமேற்றுங்கள், அல்லது எல்லையைத் தாழ்த்தி வரையுங்கள். இறந்தவற்றைப் பிரிக்கத் தனியே ஒரு உயிர்ப்புச் சாயம் கட்டாயம் வேண்டும்.

தூண்டலுக்குப் பின் தோன்றும் சிடி69க்கும் சிடி154க்கும் வேறு சிக்கல். புரதங்கள் மேற்பரப்புக்குப் போவதைத் தடுக்கும் பிரெஃபெல்டின் ஏ-யைத் தொடக்கத்திலேயே சேர்த்தால் புதிதாக உருவாகும் சிடி69 மேலே வரவே முடியாது. சிடி154 மேலே வந்தாலும் பக்கத்து உயிரணுவின் சிடி40ஐத் தொட்டதும் உள்ளே போய்விடும். இதற்கு இரண்டு வழிகள்: சிடி154 ஆன்டிபாடியை மொனென்சினோடு சேர்த்து வளர்ப்பின்போதே போடுவது, அல்லது பிரெஃபெல்டினோடு தூண்டிப் பின்னர் உள்ளே சாயமேற்றுவது.

உள்வாங்கலை அளக்கும் சோதனையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

ஒரு குழாய்க்கு 200,000 முதல் 500,000 உயிரணுக்கள் போதும். ஊடகம், பஃபர், சென்ட்ரிஃபியூஜ் எல்லாவற்றையும் முதலிலேயே 4 டிகிரிக்குக் குளிரவைத்துவிடுங்கள்.

ஆன்டிபாடியின் வாலைப் பிடிக்கும் எஃப்சி ஏற்பிகளை அடைத்த பின், ஒளிர்சாயம் இல்லாத முதல் ஆன்டிபாடியை மில்லிலிட்டருக்கு 1 முதல் 5 மைக்ரோகிராம் அளவில் சேர்த்து, ஐஸில் 30 நிமிடம் வையுங்கள். குளிர்ந்த பஃபரில் இரண்டு முறை கழுவுங்கள். பிறகு குழாய்களைப் பிரியுங்கள்: 0, 5, 15, 30, 60 நிமிடம் என்று ஐந்து. இவற்றோடு ஆறாவதாக ஒரு குழாய் 60 நிமிடமும் ஐஸிலேயே இருக்க வேண்டும். இந்த ஆறாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆன்டிபாடி தானாகக் கழன்று விழுவதால் வரும் குறைவை அது மட்டுமே காட்டும். அது இல்லாத சோதனையை நம்ப முடியாது.

முன்கூட்டியே 37 டிகிரிக்குச் சூடாக்கிய ஊடகத்தைச் சேர்த்து, நீர்த்தொட்டியில் வையுங்கள். காற்றால் சூடேறும் இன்குபேட்டரில் வைத்தால் குழாய்க்குள் 37 டிகிரி வருவதற்கே பல நிமிடங்கள் ஆகும். உங்கள் 5 நிமிடப் புள்ளிக்கு அர்த்தமே இருக்காது. நேரம் முடிந்ததும் ஐந்து முதல் பத்து மடங்கு ஐஸ் பஃபரை ஊற்றி நிறுத்துங்கள். அதில் 0.1 விழுக்காடு சோடியம் அசைடு இருப்பது நல்லது. ஆனால் அசைடை மட்டும் நம்பக் கூடாது: குளுக்கோஸ் உள்ள ஊடகத்தில் உயிரணு கிளைக்கோலிசிஸ் வழியாக ஆற்றல் பெற்றுக்கொள்ளும். குளிர்தான் உண்மையான நிறுத்தம்.

கடைசியாக, மேலே எஞ்சியிருக்கும் முதல் ஆன்டிபாடியைப் பிடிக்க ஒளிர்சாயம் பூட்டிய இரண்டாம் ஆன்டிபாடியை ஐஸில் 30 நிமிடம் வையுங்கள். கணக்கு: பின்னணி ஒளிர்வைக் கழித்த பின், குறித்த நிமிடத்தின் இடைநிலை ஒளிர்வை 0 நிமிடத்தின் இடைநிலை ஒளிர்வால் வகுத்து, 1இலிருந்து கழித்து, 100ஆல் பெருக்குங்கள். நேர்மறை உயிரணுக்களின் விழுக்காட்டை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். மேற்பரப்பு பாதியாகக் குறைந்த பின்னும் எல்லா உயிரணுக்களும் நேர்மறையாகவே தெரியலாம்.

முதல் ஆன்டிபாடியிலேயே ஒளிர்சாயம் இருந்தால் வேறு வழி: மேலே உள்ளதை அமிலத்தால் கழற்றிவிட்டு உள்ளே போனதை அளப்பது. 100 மில்லிமோலார் கிளைசின், 150 மில்லிமோலார் உப்பு, பிஎச் 2.5, ஐஸில் 1 முதல் 2 நிமிடம், உடனே நடுநிலையாக்க வேண்டும். 0 நிமிடக் குழாயில் 90 விழுக்காட்டுக்கு மேல் கழன்றதா என்று பார்த்த பிறகே மற்றவற்றைப் படியுங்கள். சில ஆன்டிபாடிகள் இந்த அமிலத்துக்கு அசைவதில்லை. அவற்றுக்கு ஒளிர்வை அணைக்கும் ஆன்டிபாடி முறை பொருத்தம்.

உள்வாங்கல் அதிகமாகவோ குறைவாகவோ தவறாகத் தெரிவதற்குக் காரணங்கள் என்ன?

முதன்மையானது ஆன்டிபாடியே. இரண்டு கைகள் உள்ள ஆன்டிபாடி இரண்டு ஏற்பிகளைச் சேர்த்துக் கட்டும். கட்டப்பட்டவை வேகமாக உள்ளே போகும். நீங்கள் அளந்தது இயல்பான சுழற்சியா, ஆன்டிபாடி கட்டாயப்படுத்தியதா? ஒற்றைக் கை ஃபேப் துண்டுகளோடு ஒப்பிட்டால் விடை கிடைக்கும்.

அடுத்தது ஒளிர்சாயம். எஃப்ஐடிசி அமிலத்தன்மையில் மங்கும். என்டோசோமுக்குள் போன ஆன்டிபாடி காணாமல் போனதுபோலத் தெரியும். அலெக்ஸா ஃப்ளோர் 488 அப்படி மங்காது. பிஎச்ரோடோ சாயம் அமிலத்தில் கூடுதலாக ஒளிரும் என்பதால் உள்ளே போனதைக் காட்டத் தோதானது.

தடுப்பு மருந்துகளிலும் கவனம் தேவை. டைனசோர் 80 மைக்ரோமோலார் அளவில் டைனமினைத் தடுக்கும், ஆனால் சீரம் புரதங்கள் அதைப் பிடித்துக்கொள்ளும். 10 விழுக்காடு சீரம் உள்ள ஊடகத்தில் போட்டுவிட்டு “டைனமினுக்குப் பங்கில்லை” என்று முடிவு செய்வது பெரும் பிழை. சிதைவைத் தடுக்க பாஃபிலோமைசின் ஏ1, 100 நானோமோலார். புதிய புரத உற்பத்தியை நிறுத்த சைக்ளோஹெக்ஸிமைடு, மில்லிலிட்டருக்கு 10 முதல் 50 மைக்ரோகிராம். டி உயிரணுக்கள் நீண்ட நேரம் இவற்றைத் தாங்கமாட்டா. உயிர்ப்புச் சாயத்தை ஒவ்வொரு நேரப்புள்ளியிலும் சேர்த்துப் பாருங்கள்.

ஒட்டி வளரும் மேக்ரோஃபேஜ்களைப் பிரிக்க டிரிப்சின் போட்டால் பல மேற்பரப்புப் புரதங்கள் வெட்டுப்படும். இடிடிஏ கரைசலும் மென்மையான சுரண்டலுமே பாதுகாப்பு.

சிசிஆர்7 ஐஸில் சரியாகச் சாயமேறுவதில்லை. ஏன்?

அது தொடர்ந்து சுழலும் கீமோகைன் ஏற்பி; அதாவது, உயிரணுக்களை ஓரிடத்துக்கு ஈர்க்கும் கீமோகைன் புரதங்களை உணர்வது. மற்ற ஆன்டிபாடிகளுக்கு முன்னதாக இதை மட்டும் 37 டிகிரியில் 15 முதல் 30 நிமிடம் சேர்த்தால் கூட்டம் நன்றாகப் பிரியும். பல கீமோகைன் ஏற்பிகளுக்கு இது பொருந்தும். அப்படிக் கிடைத்த எண்ணை ஐஸில் எடுத்த எண்ணோடு ஒரே வரைபடத்தில் போடாதீர்கள்.

நிணநீர் முடிச்சிலிருந்து உயிரணுக்கள் வெளியேறுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நெருக்கமான தொடர்பு. எஸ்1பி என்ற கொழுப்புச் சமிக்ஞை மூலக்கூறை உணரும் எஸ்1பி ஏற்பி-1 மேற்பரப்பில் இருந்தால்தான் லிம்ஃபோசைட்டுகள் முடிச்சைவிட்டு வெளியேற முடியும். சிடி69 மேலே வந்ததும் அந்த ஏற்பியைப் பிடித்து உள்ளே இழுத்துச் சிதைக்கிறது. தூண்டப்பட்ட உயிரணு வெளியேறாமல் அங்கேயே பெருகுகிறது. 2010இல் அமெரிக்காவில் பன்முகத் தண்டுவட மரப்பு நோய்க்கு ஒப்புதல் பெற்ற ஃபிங்கோலிமோட் இதே ஏற்பியை மருந்தால் உள்ளே தள்ளுகிறது. அதை உட்கொள்பவரின் ரத்தத்தில் லிம்ஃபோசைட்டுகள் வெகுவாகக் குறைவது எதிர்பார்த்த விளைவு. அவை அழியவில்லை, முடிச்சுகளில் தங்கியிருக்கின்றன.

சீரத்தில் எஸ்1பி இருப்பதால், சாதாரண ஊடகத்தில் வளர்த்த உயிரணுக்களில் இந்த ஏற்பி மேலே தெரியாது. கொழுப்பமிலம் நீக்கிய ஆல்புமின் ஊடகத்தில் சற்று நேரம் வைத்த பிறகே சாயமேற்றுங்கள்.

சிடி107ஏ சோதனை எதைக் காட்டுகிறது?

சிடி107ஏ லைசோசோம் சவ்வின் புரதம். கொல்லும் உயிரணு தன் துகள்களை வெளியே கொட்டும்போது துகளின் சவ்வு மேற்பரப்போடு இணைகிறது, சிடி107ஏ சிறிது நேரம் வெளியே தெரிகிறது. உடனே உள்ளே போய்விடுவதால் ஆன்டிபாடியைத் தூண்டலின் தொடக்கத்திலேயே ஊடகத்தில் சேர்க்க வேண்டும். முடிந்த பிறகு சேர்த்தால் பெரும்பகுதி தவறிப்போகும். என்கே உயிரணுக்கள் (இயற்கைக் கொல்லிகள்) என்றால், இலக்காக கே562 என்ற ரத்தப் புற்று உயிரணுக்களை ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்து 2 முதல் 4 மணி நேரம். 2 மைக்ரோமோலார் மொனென்சின், உள்ளே போன ஆன்டிபாடியின் ஒளிர்வு அமிலத்தில் அழியாமல் காக்கும்.

எச்எல்எச் எனப்படும் உயிருக்கு ஆபத்தான அழற்சி நோய் வந்த பிள்ளைகளிடம் இச்சோதனை மரபுக் காரணத்தை விரைவாகச் சுட்டும். மன்ச்13-4, சின்டாக்ஸின்-11, மன்ச்18-2, ராப்27ஏ ஆகியவற்றில் ஒன்று பழுதானால் சிடி107ஏ உயராது. இலக்கு உயிரணுவின் சவ்வைத் துளைக்கும் பெர்ஃபோரின் இல்லாத வகையில் அது இயல்பாகவே உயரும், ஏனென்றால் துகள் கொட்டப்படுகிறது, ஆயுதம்தான் இல்லை. பெர்ஃபோரினைத் தனியே சாயமேற்ற வேண்டும். நோயறியும் சோதனையில் உயிரணுக்களை முன்னதாக ஐஎல்-2 என்ற தூண்டல் புரதத்தில் ஊறவைக்காதீர்கள். சின்டாக்ஸின்-11, மன்ச்18-2 குறைபாடுகளை அது ஓரளவு மறைத்துவிடும்.

சிங்கப்பூர் வெயிலில் ரத்த மாதிரியை எடுத்துச் செல்லும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

மருத்துவமனையிலிருந்து ஆய்வகத்துக்கு அரை மணி நேரப் பயணம்தான் என்றாலும், நண்பகலில் 32 டிகிரி வெளியே, 22 டிகிரி உள்ளே, நடுவில் வெயிலில் நின்ற வாகனம் என்று குழாய் பல வெப்பநிலைகளைக் கடக்கிறது. நியூட்ரோஃபில்கள் இதற்கு உடனே பதில் தரும்: துகள்களில் சேமித்திருக்கும் சிடி11பி மேலே வரும், அதே வேளையில் ஏடிஏஎம்17 நொதி சிடி62எல்லை வெட்டி உதிர்த்துவிடும். நோயாளிக்கு அழற்சி இருப்பதுபோன்ற முடிவு வரும்.

ஐஸில் வைப்பதும் தீர்வாகாது. குளிரவைத்துப் பிறகு சூடாக்கினாலும் சிடி11பி உயரும். காப்புப் பெட்டியில், அறை வெப்பநிலையில் வைத்த ஜெல் பொதிகளோடு 18 முதல் 25 டிகிரிக்குள் எடுத்துச் செல்லுங்கள். நியூட்ரோஃபில் என்றால் சில மணி நேரத்துக்குள் சாயமேற்றிவிட வேண்டும். செயல்பாட்டுச் சோதனைக்கு ஹெப்பரின் குழாய். இடிடிஏ குழாய் வேண்டாம், ஏனென்றால் அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். உறையவைத்து எடுத்த உயிரணுக்களில் சிடி62எல் குறைந்திருக்கும் என்பதால், நினைவு டி உயிரணு வகைகளைப் பிரிக்க அதை மட்டும் நம்பாதீர்கள்.

ஒரே விதிவிலக்கு, சிடி18 குறைபாட்டு நோய். கடுமையான வகையில் மேற்பரப்பு சிடி18 இயல்பில் 2 விழுக்காட்டுக்கும் கீழே இருக்கும். வெப்பநிலைத் தவறு அதை மறைக்காது.

வைரஸ்கள் இந்தப் போக்குவரத்தைப் பயன்படுத்துகின்றனவா?

நிறைய. எச்ஐவியின் நெஃப் புரதம் ஏபி-2ஐக் கொண்டு சிடி4ஐ உள்ளே இழுக்கிறது, ஏபி-1ஐக் கொண்டு எச்எல்ஏ-ஏ, எச்எல்ஏ-பி இரண்டையும் திசைதிருப்புகிறது. டெங்கியில் வேறு விதம்: போதுமான அளவில் தடுக்காத ஆன்டிபாடி ஒட்டிய வைரஸ், எஃப்சி ஏற்பி வழியாக மோனோசைட்டுக்குள் நுழைகிறது. அப்போது எல்ஐஎல்ஆர்பி1 என்ற தடுப்பு ஏற்பியையும் வைரஸ் பயன்படுத்திக்கொள்கிறது என்று சிங்கப்பூரின் டியூக்-என்யுஎஸ் ஆய்வாளர்கள் 2014இல் காட்டினார்கள்.

இதை வைத்துச் சிகிச்சை ஏதும் உருவாகியிருக்கிறதா?

சிங்கப்பூரிலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. டி உயிரணு ரத்தப் புற்றுநோயைத் தாக்க சிடி7ஐக் குறிவைக்கும் கார்-டி உயிரணுக்களை (செயற்கை ஏற்பி பொருத்திய டி உயிரணுக்கள்) செய்தால், அவை சிடி7 உள்ள தம்மைத் தாமே கொன்றுவிடும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டாரியோ கம்பானாவின் குழு 2017இல் வெளியிட்ட தீர்வு முழுக்க முழுக்கப் போக்குவரத்து சார்ந்தது. சிடி7ஐப் பிடிக்கும் ஆன்டிபாடித் துண்டோடு, எண்டோபிளாச வலையில் தங்கவைக்கும் வால் தொடரை இணைத்தார்கள். புதிதாக உருவாகும் சிடி7 அங்கேயே பிடிபட்டு மேலே வருவதில்லை. மரபணுவை வெட்ட வேண்டியதில்லை. மேற்பரப்பு காலியானால் போதும். பின்னர் இம்முறை நோயாளிகளுக்கும் பயன்படுத்தப்பட்டது.

கார் ஏற்பிகளும் இதே விதிகளுக்கு உட்பட்டவை. இலக்கைத் தொட்டதும் அவை உள்ளே போய்ச் சிதைவதால், புற்று உயிரணுக்களோடு கலந்த மறுநாள் கார் மங்கலாகத் தெரிந்தால் மரபணு தொலைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். இலக்கு இல்லாத ஊடகத்தில் 24 மணி நேரம் ஓய்வளித்து மீண்டும் அளந்து பாருங்கள். கூடவே சவ்வைத் துளைத்து மொத்த அளவையும் எடுங்கள்.

சொந்த ரத்தத்தையோ நண்பரின் ரத்தத்தையோ எடுத்துச் சோதிக்கலாமா?

அனுமதியின்றி வேண்டாம். மனித மாதிரிகளைக் கொண்ட ஆய்வு 2015ஆம் ஆண்டின் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டத்தின் கீழ் வருகிறது. உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் கொடையாளரின் எழுத்துப்பூர்வ இசைவும் தேவை. பயிற்சிக்கு ஆய்வகத்தில் வளர்க்கப்படும் ஜூர்கட் டி உயிரணுக்கள் போதும்: சிடி3, டி உயிரணு ஏற்பி இரண்டும் அவற்றில் உண்டு, மேலே சொன்ன உள்வாங்கல் சோதனையை முழுமையாகச் செய்து பழகலாம். ரத்தத்தைத் தொடும் முன் அதில் மூன்று முறை ஒத்த முடிவு வரட்டும்.